கண்ணாயி இல்லாத இடத்தில்

தண்ணீர் பாட்டிலுக்காகக் கை நீட்டியபோது ஐயாக்கண்ணு மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ் பாதி வளைவுகளைத் தாண்டியிருந்தது. முன்வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சசிரேகா, பின்னாலிருந்து நீண்ட அந்தக் கையில் பாட்டிலை வைத்தாள். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்திருந்தார்கள். குழாயை எடுத்த பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் அவள் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தாள். இன்னும் தாகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் வண்டி சாய்ந்தபோது திரும்பிப் பார்த்தாள். அவர் குடிக்கவில்லை. பாட்டிலை மடியில் சாய்த்து, செடிக்கு ஊற்றுவது போல நிதானமாக, வேட்டியின் மேல் முழுவதையும் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே அந்த வேட்டி நனைந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

கண்டக்டர் வந்து தரையைப் பார்த்தான்.

"என்னங்க பெரியவரே, சீட்டெல்லாம் ஈரம்?"

ஐயாக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பாறைச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாட்டில் மூடி சரியில்லீங்கண்ணா. கொட்டிக்கிச்சு" என்றாள் சசிரேகா.

"நல்ல மூடியாப் பாத்து வாங்கோணும்" என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போனான். ஏற்காட்டில் எல்லோரும் இறங்கும்வரை ஐயாக்கண்ணு எழுந்திருக்கவில்லை. தங்கள் ஊரான செம்மநத்தம் போகும் வண்டிக்குக் காத்திருந்தபோது, வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தனியாகப் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கண்ணாயியிடம், "பாட்டில் கொட்டிக்கிச்சு" என்றார். சசிரேகா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கி வைத்தாகிவிட்டது.

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவர்கள் பங்காளி வீடுகளில் அப்படித்தான் வழக்கம். சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். பல வீடுகளில் செல்போன் வந்ததோடு இது போய்விட்டது. ஐயாக்கண்ணு விடவில்லை. நடு ஆள் கண்ணாயி. மூன்று பேரும் ஒரே அடுப்படியில்தான் இருப்பார்கள். "கொழம்புல உப்புக் கம்மின்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு" என்பார் அவர். "உப்புக் கம்மியாங் கண்ணு" என்பாள் கண்ணாயி. "சரியாத்தான் போட்டேன்னு சொல்லுங்கத்தை" என்பாள் சசிரேகா. "சரியாத்தான் போட்டாளாம். உங்க நாக்குத்தான் செத்துப்போச்சாட்ட இருக்குது." கடைசி வாக்கியம் கண்ணாயி சேர்த்தது. அவள் எதையும் வாங்கியபடியே கொடுக்க மாட்டாள். கொஞ்சம் சேர்ப்பாள், கொஞ்சம் எடுப்பாள். வீடு ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கண்ணாயியால் மலை இறங்க முடியாது. இரண்டாவது வளைவிலேயே குடல் வெளியே வருவது போல வாந்தி எடுப்பாள். மகன் தனபால் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயோ இருப்பான். அதனால் ஆஸ்பத்திரிக்கு மாமனாரை அழைத்துக்கொண்டு போகும் வேலை சசிரேகாவுக்கு வந்தது. நடு ஆள் இல்லாமல் இரண்டு பேர், பஸ்ஸில், லிஃப்டில், டாக்டர் அறை வாசலில். அவர் ஒரு எட்டு முன்னால் நடப்பார். அவள் பின்னால் நடந்தபடி, எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் சுவரில் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பது போலச் சொல்லுவாள்.

அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது போன ஐப்பசியில். இடது பக்கம், கழுத்து எலும்புக்கு மேலே, முதலில் இலந்தைப் பழம் அளவு. மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியை அவர் இடது தோளில்தான் தூக்குவார். அது அழுத்தி வந்த கட்டி என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பி, ஏணியை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். கட்டி நெல்லிக்காய் அளவு ஆனது. வலி இல்லை. வலி இல்லாததால் பொங்கல் வரைக்கும் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்த தனபால்தான் சட்டம் போட்டு அனுப்பினான்.

டாக்டர் சங்கீதாவுக்கு சசிரேகாவை விட வயது குறைவாக இருக்கும். கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ரிப்போர்ட் வந்தது. "கேன்சர்தாங்க" என்றாள், சுற்றி வளைக்காமல். "ஆனா இது கழுத்துல பொறந்தது இல்ல. வேற எங்கயோ இருந்து வந்திருக்கு. எங்கேன்னு தெரிஞ்சாத்தான் மருந்து சொல்ல முடியும்." ஒரு தாளில் உடம்பைப் படம் போட்டு, கீழேயிருந்து நிணநீர் எல்லாம் மேலே ஏறி இடது கழுத்துக்கிட்ட வந்துதான் ரத்தத்தில் சேருகிறது என்று காட்டினாள். சசிரேகாவுக்கு அது புரிந்தது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் ஒரு புது ஆள் நின்றுகொண்டிருந்தால் எந்த எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவன் என்று எப்படித் தெரியும்? எல்லாப் பாதையும் அங்கேதான் வந்து சேருகிறது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பசிக்கிறதா, இருமல் உண்டா, வெளிக்குப் போகிறதா. ஐயாக்கண்ணு அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம் இருக்குங்களா?" என்று கேட்டபோது மட்டும் அவர் கண்கள் அரைக்கணம் சசிரேகா நின்ற பக்கம் வந்து போயின. "அதெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார்.

நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் சொன்னது. குழாய் விட்டுப் பார்த்ததில் வயிறும் சுத்தம். பஸ்ஸில் பாட்டில் கொட்டியது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் இன்னொரு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாள் வந்தபோது ஐயாக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"வரமாட்டேன்னு சொல்லு" என்றார் கண்ணாயியிடம். "வந்தது வந்துருச்சு. இருக்கற வரைக்கும் இங்கயே இருந்துட்டுப் போறேன்."

செய்தி ஊருக்குள் பரவியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். என்ன மனசு பாருங்க. சாவுக்குக் கூட அஞ்சாத மனுசன். பக்கத்துத் தோட்டத்து சித்தன் வந்து, "இந்தத் துணிச்சல் எனக்கு வராதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். தனபால் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அப்பா வேண்டாங்கறாருன்னா விடு சசி. கெழவனப் போட்டுப் படுத்த வேண்டாம்" என்றான். கண்ணாயி கூட, அழுது முடித்த பிறகு, கொஞ்சம் பெருமையாகவே இருந்தாள்.

சசிரேகாவுக்கு எரிச்சலாக வந்தது. அது துணிச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சாவைப் பார்த்துப் பயப்படாத மனுஷன் ஒரு டவுன் பஸ்ஸைப் பார்த்துப் பயப்படுகிறார். கார் பிடித்தாலும் அதே வளைவுகள்தான். காரில் பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருப்பாள், அது இன்னும் மோசம். காரணம் அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், அன்றைக்கு மூடி சரியில்லை என்று சொன்னவளே அவள்தான். அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அதைத் திருப்பிப் பிடுங்குவது எப்படி? விட்டுவிட்டால் அவர் செத்துப்போவார். நனைந்த வேட்டிக்காக ஒரு ஆள் செத்துப்போவது அவளுக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. உலை கொதிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் இதையே யோசித்தாள். கண்ணாயியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "ராத்திரியெல்லாம் எந்திருச்சுப் போறாருதான். இந்தப் பனியில எந்தக் கெழவன் கண்ணு படுத்துத் தூங்கறான்?" என்றாள் கண்ணாயி.

மாசியில் மிளகு பழுத்தது. அந்த வருடமும் ஐயாக்கண்ணுவே ஏறினார். தோட்டத்தின் மேல் கோடியில், பாறைக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும். உச்சி வரைக்கும் கொடி. அவர் மேலே பறித்து இடுப்புப் பையில் போட, கீழே விழும் சரங்களை சசிரேகா பொறுக்குவாள். பேச வேண்டிய தேவை இல்லாத வேலை அது. கண்ணாயி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அந்தப் பாறையருகில் மட்டும்தான் போன் சிக்னல் கிடைக்கும். போன் அடித்தது. முதலில் நர்ஸ் பேசினாள், பிறகு டாக்டர் சங்கீதாவே வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, ஸ்கேனுக்கு வரவே இல்லையே?"

"வரமாட்டேங்கறாருங்க மேடம்."

"பயமா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"செலவுக்கு யோசிக்கறாரா? காப்பீட்டு அட்டையிலதானே பாக்கறோம்."

சசிரேகா நிமிர்ந்து பார்த்தாள். மூங்கில் கணுவில் ஊன்றிய வெடித்த பாதங்கள் தெரிந்தன. மேலே கொடியைப் பற்றி இழுக்கும் சரசரப்பு நின்றுபோயிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாறைக்கு அந்தப் பக்கம் போனாலும் சிக்னல் இருக்கும். அவள் போகவில்லை. அவரிடம் நேராகச் சொல்ல முடியாது. டாக்டரிடம் சொல்லலாம். இத்தனை வருடமும் அடுப்படியில் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸுல ஒண்ணுக்கு அடக்க முடியலீங்க மேடம்" என்றாள். டாக்டருக்குத் தேவையானதை விடச் சத்தமாகச் சொன்னாள். "போன தடவ திரும்பி வரும்போது பஸ்ஸுலயே போயிருச்சு. அதுக்காகத்தான் வரமாட்டேங்கறாரு. வேற ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் உடனே கேட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி? நான் அன்னைக்குக் கேட்டேனே. நல்லா இருக்குன்னாரே."

"கேட்டீங்க மேடம். நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேனுங்க."

டாக்டருக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சரி" என்றாள். "உங்களை வெளிய நிக்கச் சொல்லிட்டு நான் கேட்டிருக்கணும்."

மேலே ஒரு செருமல். பிறகு மரத்திடம் பேசுவது போன்ற குரல்.

"போன ஆடிக்கு முன்னாடி இருந்தே இருக்குதுன்னு சொல்லு."

சசிரேகா சுற்றிலும் பார்த்தாள். அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை.

"ஆடிக்கு முன்னாடி இருந்தேங்களாம் மேடம்."

"பக்கத்துல இருக்காரா? போனை அவர்கிட்டக் குடுங்க."

"மரத்து மேல இருக்காருங்க."

"எங்கே?"

"மொளகு பறிக்கறாருங்க."

"கழுத்துல கட்டியை வெச்சுக்கிட்டா? அதுக்கு அப்புறமா திட்டறேன். ஒரே சீரா வருதா, விட்டு விட்டு வருதான்னு கேளுங்க."

சசிரேகா ஏணியைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே சீரா வருதா, விட்டு விட்டு வருதான்னு கேக்கறாங்க."

"சொட்டுச் சொட்டா வருதுன்னு சொல்லு. முழுசாப் போன மாதிரியே இருக்கறதில்லைன்னு சொல்லு."

"ரத்தம் வந்துச்சான்னு கேக்கறாங்க."

"இல்லைன்னு சொல்லு." கொடி ஒருமுறை அசைந்தது. "ஒருக்கா வந்துச்சுன்னு சொல்லு. இல்ல, ரெண்டு மூணு தரம்."

"இடுப்பு வலி இருக்குதான்னு கேக்கறாங்க."

"மூட்டை தூக்கறவனுக்கு இடுப்பு வலிக்காம வேற எங்க வலிக்குமுன்னு கேளு."

அதையும் அப்படியே சொன்னாள். கண்ணாயி மாதிரி அவள் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனையின் பெயரைச் சொல்லி, ஏற்காட்டிலேயே ரத்தம் கொடுத்தால் போதும், ரிசல்ட்டைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில்தான் பின்னால் மூங்கில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவர் கண்ணாயியிடம், "ஊருக்கே கேக்கற மாதிரிக் கத்துது அந்தப் புள்ள" என்றார்.

"என்னத்தக் கண்ணு கத்துனே?"

"மொளகு வெல கேட்டேனுங்கத்தை" என்றாள் சசிரேகா.

ரிசல்ட் வந்த அன்று தனபால் வீட்டில் இருந்தான். பாறையின் மேல் போனை வைத்து, நாலு பேரும் சுற்றி நின்றார்கள். ஐயாக்கண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தில் சாய்ந்து, தனக்குச் சம்பந்தம் இல்லாதவர் போல நின்றார். ரத்தத்தில் அந்த அளவு இருக்க வேண்டியதற்குப் பல மடங்கு மேலே இருந்தது என்றாள் டாக்டர். கழுத்தில் முன்பு எடுத்த சதையையே வேறு சாயம் போட்டு மறுபடி பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஒத்துப்போகிறது. வந்த இடம் ப்ராஸ்டேட். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி.

"அங்கிருந்து கழுத்துக்கா?" என்றான் தனபால். "அது எங்க இருக்குது, இது எங்க இருக்குது?"

"பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற நெணநீர்க் கட்டிக்குப் போகும், இல்லைன்னா எலும்புக்குப் போகும். நேரா கழுத்துல வந்து நிக்கிறது அபூர்வம். ஆனா நடக்கும். அதனாலதான் நாங்க வயித்தையும் நெஞ்சையும் தேடிட்டு இருந்தோம்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை, இனிப்பாக்கவும் இல்லை. "முத்திப்போன நிலைதாங்க. முழுசாக் கொணமாகும்னு சொல்லமாட்டேன். ஆனா வயித்துலேர்ந்து வந்திருந்தா நான் இப்போ வேற மாதிரிப் பேசிட்டு இருப்பேன். இதுக்கு மருந்து இருக்கு. ஊசி, மாத்திரை. கட்டி சுருங்கும். பல வருஷமா அடக்கி வெச்சிருக்கறவங்க என்கிட்டயே வர்றாங்க."

"என்ன ஊசிங்க அம்மிணி?" என்று கண்ணாயி போனுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"ஆண் ஹார்மோனைக் குறைக்கிற ஊசிம்மா. அதை வெச்சுத்தான் இந்த நோய் வளருது."

கண்ணாயி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். "ஆம்பளத் திமிரக் கொறைக்கறதுக்கு ஊசியே இருக்குதுங்களா? இதைய எனக்குக் கண்ணாலம் ஆன வருசமே ஒருத்தரும் சொல்லலியே!"

போனுக்குள் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். தனபால் திரும்பிக்கொண்டான். சசிரேகா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சிரித்தபடியே கண்ணாயி அழத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"ஊசிக்கு இங்க வரணும். வருவாருங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். "கார் புடிச்சுக்கலாம்ப்பா" என்றான் தனபால்.

"எதுக்கு?" என்றார் ஐயாக்கண்ணு. "பஸ்ஸு ஓடலையா?"

போகும் நாளில் தனபாலுக்கு லோடு வந்துவிட்டது. சசிரேகாதான் போனாள். பஸ்ஸில் கூட்டம். அவள் முன்படிக்குப் பக்கத்தில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவருக்கு நாலு வரிசை தள்ளி இடம் கிடைத்தது. காலையில் அவர் டீ குடிக்கவில்லை, தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அதனால் எல்லாம் மூத்திரம் அடங்கிவிடாது. ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவர் காதில் விழுந்தால் அங்கேயே இறங்கிவிடுவார். முதல் வளைவுகளில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையில் எலும்புகள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தன. தாடை இறுகியிருந்தது. இன்னும் ஒரு வளைவு பார்ப்போம், பிறகு நானே எழுந்து கத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். வளைவு வந்தது. அவள் எழுவதற்குள் பின்னால் அவர் எழுந்துவிட்டார்.

"பெரியவரே, உக்காருங்க. வளைவுல விழுந்துருவீங்க" என்றான் கண்டக்டர்.

"நிறுத்துங்க சாமி. ஒண்ணுக்குப் போவோணும்."

"இன்னும் செத்த நேரந்தான். அடிவாரத்துல போய்க்கலாம்."

"எனக்குக் கேன்சரு" என்றார் ஐயாக்கண்ணு. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார். "அடிவாரம் வரைக்கும் தாங்காது. தாங்குமுன்னு ஒருக்கா நம்பி உங்க சீட்டத்தான் நனைச்சேன்."

பின்னாலிருந்து ஒரு பெண், "நிறுத்துங்கண்ணா" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற தடித்த ஆள் ஒருவர், "நிறுத்துனா நானும் எறங்குவேன். ஒண்டிக்கடையிலேர்ந்து உசுரக் கையில புடிச்சுட்டு வர்றேன்" என்றார். சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் விசில் ஊதினான். வளைவைத் தாண்டி, சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டி ஒதுங்கியது.

ஐயாக்கண்ணு நெரிசலில் வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ரிப்போர்ட்டுகள் இருந்த துணிப்பையை சசிரேகாவின் மடியில் வைத்தார்.

"இதைய வெச்சுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவருக்குப் பின்னால் தடித்த ஆள் இறங்கினார். பிறகு ஒரு கல்லூரிப் பையன், பிறகு காக்கிச் சட்டை போட்ட ஒருவர், சுற்றுலாவுக்கு வந்த குடும்பத்தின் அப்பா, இன்னும் இரண்டு பேர். பார்த்தால் பாதி பஸ் அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. தடுப்புச் சுவர் ஓரமாக, இடைவெளி விட்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். கீழே, அவர்கள் கால்களுக்கு அப்பால், சேலம் நகரம் காலை வெயிலில் மங்கலாகப் பரந்து கிடந்தது. சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று வெறுத்துப்போய் எழுந்து நகர்ந்தது.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கல்லூரிப் பையன் தாவி ஏறினான். தடித்த ஆள் பெருமூச்சோடு தன் இடத்துக்குப் போனார். ஐயாக்கண்ணு மட்டும் நின்றுகொண்டிருந்தார், கால்களை அகட்டி, தலையைச் சற்றே குனிந்து. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான், சசிரேகாவைப் பார்த்தான், எடுத்துவிட்டான். டிரைவர் கண்ணாடியில் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கைகளை ஸ்டியரிங்கின் மேல் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். காட்டுச் சத்தம் ஜன்னல்கள் வழியாக உள்ளே வந்தது.